சுணை பட்ட பொன்னாடை

அத்தியாயம் 3

"என் செடி மேல எந்தத் தப்பும் இல்லைன்னு நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்" என்றான் ஜிபின்.

அருண்பாண்டி துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு புருஷனை வேவு பார்க்கச் சொன்ன மனைவியைப் பார்த்திருக்கிறான். மருமகனை வேவு பார்க்கச் சொன்ன மாமியாரைப் பார்த்திருக்கிறான். காணாமல் போன சண்டைச் சேவலுக்காகக் கண்ணீர் விட்ட வார்டு மெம்பரையும் பார்த்திருக்கிறான். ஒரு செடிக்கு ஜாமீன் கேட்டு வந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறான்.

"செடி உள்ளூர்லதான இருக்கு சார்? தலைமறைவு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டான்.

ஜிபின் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை. பூப்பாறைக்கு மேலே வெள்ளிமுடி எஸ்டேட் அவனுடையது. அப்பா விட்டுப்போன ஏலத்தோட்டத்தின் ஒரு மூலையை வளைத்து 'விஷ வனம்' என்று பெயர் வைத்திருந்தான். அரளி, ஊமத்தை, எட்டி, குன்றிமணி என்று ஊரில் வேலியோரம் கேட்பாரற்றுக் கிடக்கிற செடிகளுக்கெல்லாம் மண்டை ஓடு வரைந்த பலகை நட்டு, டிக்கெட்டும் போட்டான். சும்மா கிடந்தபோது மிதித்துக்கொண்டு போன ஜனம், டிக்கெட் என்றதும் வரிசையில் நின்றது.

அந்த வனத்தின் கதாநாயகி கண்ணாடி அறைக்குள் தொட்டியில் தனியாக நின்ற ஆனைவிரட்டி. இலையிலும் தண்டிலும் பஞ்சு மாதிரி மெல்லிய சுணை. பட்டால் அது தோலுக்குள் ஊசி ஊசியாக உடைந்து நின்றுகொள்ளும், பட்டவன் நாள்கணக்கில் துடிப்பான். யானையே ஒதுங்கிப் போகும் என்பதால் அந்தப் பெயர். யானைக்கு இருக்கிற புத்தி மனுஷனுக்குக் கிடையாது என்பதால் கண்ணாடி அறை.

போன ஞாயிற்றுக்கிழமை விஷ வனத்தில் ஒரு விழா. சிறப்பு விருந்தினர் ஏலக்காய் வியாபாரிகள் சங்கத் தலைவர் பொன்ராஜ். எஸ்டேட் மேனேஜர் சுருளிவேல் அவருக்குச் சிவப்புப் பொன்னாடை போர்த்தினார். பொன்ராஜ் கைகூப்பிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே கோணி, அடுத்த நொடி அவர் மேடையில் ஆடிய ஆட்டத்தை இடுக்கி ஜில்லா முழுக்கக் கைப்பேசியில் பார்த்துவிட்டது. பொன்னாடைக்குள் ஆனைவிரட்டிச் சுணை.

"கத்தரீனாள்தான் இலையைச் சால்வையில தேய்ச்சு வச்சான்னு பொன்ராஜ் போலீஸ்ல பராதி குடுத்திருக்கார். செடியைப் பராமரிக்கிறவ அவதான். நானும் வேலையை விட்டு நிறுத்திட்டேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தொழிலாளர் லயத்துல வீட்டைக் காலி பண்ணணும்" என்றான் ஜிபின். "அவதான் செஞ்சான்னு நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்துட்டா செடி தப்பிச்சிரும். இல்லேன்னா அபாயமான செடின்னு வேரோட பிடுங்கச் சொல்லிருவாங்க."

"அவங்க செய்யலீன்னா?" என்று கேட்டார் கற்பகம்.

"அதைப் பத்தி நான் யோசிக்கல மேடம்."

"நல்லதுங்க. அதை நாங்க யோசிக்கறோம்."

கற்பகம் பேசினால் இவ்வளவுதான். பாலக்காட்டு எல்லையில் வடகரப்பதிக்காரர். பாதி ஆயுளைக் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் கழித்தவர். வாழைக்காய் லாரிக்கு அடியில் ஸ்பிரிட் கேன் இருப்பதை டிரைவரின் செருப்பைப் பார்த்தே சொன்னவர் என்று அங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அதே ஊரில் உரக்கடை மாடியில், அருண்பாண்டியை உதவிக்கு வைத்துக்கொண்டு, துப்பறியும் நிலையம் நடத்துகிறார். குரலை உயர்த்தியதே கிடையாது. திருடனைக்கூட, 'ஏனுங்க, அந்தச் சங்கிலியைக் குடுத்துப்போடறீங்களா' என்றுதான் கேட்பார். கேட்ட விதத்தில் பயந்துபோய் அவனும் கொடுத்துவிடுவான்.

மறுநாள் காலையில் வெள்ளிமுடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, கத்தரீனாளைப் பார்க்க லயத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அவள் கண்ணாடி அறைக்குள்தான் இருந்தாள். வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது, சரி. ஆனால் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேறு ஆள் யாரும் முன்வராததால், தினமும் காலையில் அவளைக் கூப்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மழைக்கோட்டு, முழங்கை தாண்டிய ரப்பர் கையுறை, வாய்க்கும் மூக்குக்கும் மாஸ்க், அதற்கு மேல் முகத்தை மறைக்கிற கண்ணாடித்தாள். நீண்ட மூக்கு வைத்த பூவாளியால் எட்டி நின்று வேரடியில் மட்டும் தண்ணீர் விட்டாள். உதிர்ந்து கிடந்த ஒரு இலையை நீள இடுக்கியால் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டினாள். வெளியே வந்து எல்லாவற்றையும் கழற்றி ஒரு டிரம்முக்குள் போட்டு மூடிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது வயசிருக்கும். கண்ணில் தூக்கம் இல்லை, கோபம் நிறைய இருந்தது.

"பக்கத்துல வராதீக. இதோட சுணை காத்துலயும் பறக்கும். தும்ம ஆரம்பிச்சா நிக்காது."

"அந்தச் சாக்கை எரிச்சிருவீங்களா?" என்றான் அருண்பாண்டி.

"எரிச்சா புகையில வரும். குழி தோண்டிப் புதைக்கணும். இதுமேல பட்ட துணியாயிருந்தாலும் அதேதான். ஒருக்கா எனக்கு விரல் நுனியில பட்டுச்சு. ஒரு வாரம் உசுரு போயி உசுரு வந்துச்சு. சரி, போயிருச்சுன்னு பச்சைத் தண்ணியில கைய வச்சேன். முதல்ல இருந்து ஆரம்பிச்சிருச்சு. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்குப் பாத்திரம் கழுவக்கூடச் சுடுதண்ணிதான்."

"பொன்ராஜை நீங்க மெரட்டுனதாச் சொல்றாங்களே?" என்று கேட்டார் கற்பகம்.

"மெரட்டுனேன். இல்லைங்கல. லயத்துக்கு வர்ற தண்ணிக் குழாயை அவுக ஏலக்கா ஸ்டோருக்குத் திருப்பிட்டாக. எத்தனை தடவை கேக்குறது? கடையில வச்சு, நாலு பேரு முன்னால, 'உம்மையப் புடிச்சு அந்தச் செடிமேல உக்கார வைக்கணும்'னு சொன்னேன். உக்கார வைக்கணும்னுதான் சொன்னேன். போர்த்தணும்னு சொல்லல."

அருண்பாண்டிக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவனும் லயத்தில் பிறந்தவன். லயத்து வீட்டைக் காலி பண்ணுவது என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலையும் வீடும் அக்கம்பக்கமும் ஒரே நாளில் போய்விடும்.

"மேடையில உக்காந்திருந்தது நாலு பேரு" என்றாள் கத்தரீனாள். "அதுல எங்க பங்குச் சாமியாரும் ஒருத்தரு. எந்தச் சால்வைய யாரு மேல போடுவாகன்னு எனக்கு எப்படித் தெரியும்? சாமியாரு மேல போட்டிருந்தா எந்த நரகத்துக்கு நான் போறது? இந்தப் போலீஸ்காரங்க இதைக்கூட யோசிக்க மாட்டேங்கிறாங்க."

கற்பகம் கண்ணாடி வழியாகச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதோட உச்சி ஒடிஞ்சு பக்கத்துல துளிர் விட்டிருக்குது. எப்ப ஒடிஞ்சதுங்க?"

"இந்த விழாவுக்கு ரொம்ப முன்னால, இந்த அறையத் திறந்து வச்ச அன்னைக்கி. நான் இல்ல. கம்பத்துல எந்தங்கச்சி மகனுக்கு ஞானஸ்நானம், அங்க போயிருந்தேன். வந்து பாக்குறேன், உச்சியிலயும் மேல் இலையிலயும் ஒரே நசுங்கல். யாரைக் கேட்டாலும் தெரியாதுன்னாக."

"ஞாயித்துக்கெழமை விழா முடிஞ்சு மேடையைக் கூட்டுனது யாருங்க?"

"நாந்தான். அதுக்கும் நாந்தான்."

"குப்பையில என்னென்ன இருந்துது?"

"என்ன இருக்கும்? மாலையில உதிர்ந்த பூவு, தண்ணி பாட்டிலு, மிச்சர் பொட்டலம்."

"சால்வை வர்ற பிளாஸ்டிக் கவரு?"

கத்தரீனாள் யோசித்தாள். "ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

மேனேஜரின் அறைக்கு ஏறிப் போகிற வழியில் அருண்பாண்டி கேஸை முடித்துவிட்டான். கற்பகத்தோடு சுற்றுகிற நாளிலிருந்து எந்தக் கேஸையும் அவன் முதல் மணி நேரத்திலேயே முடித்துவிடுவான். அது தப்பாகப் போவது வேறு விஷயம்.

"சுருளிவேல்தான்க்கா. தன் கையால போர்த்துனவரு அவரு. அவரு கையில மட்டும் ஒரு சுணைகூடப் படல. எப்படி? எங்க இருக்குன்னு தெரிஞ்சு பிடிச்சிருக்காரு."

"உன்ற துண்டை எடுத்து எனக்குப் போத்து, தம்பி."

போர்த்தினான். போர்த்தியதும் அவனே நின்றுவிட்டான். துண்டின் இரண்டு முனைகளை இரண்டு விரலால் பிடித்து, பின்பக்கமாக வீசி, தோளில் விட்டிருந்தான். உலகத்தில் யாரும் பொன்னாடையை நடுவில் பிடித்துப் போர்த்துவதில்லை.

"சரி, சுருளிவேலுக்கு முன்ஜாமீன்" என்றான்.

"அந்த வீடியோவை இன்னொருக்காப் போடு."

ஏற்கெனவே பலமுறை பார்த்துச் சிரித்ததுதான். ஆட்டம் தொடங்குகிற இடத்துக்கு ஓட்டினான். கற்பகம் அதற்கும் முன்னால் போகச் சொன்னார். பொன்ராஜ் துள்ளுகிறார். சால்வையைப் பிடுங்கி எறிவதற்கு முன், அதன் ஒரு மூலையைத் திருப்பி முகத்துக்கு நேராகப் பிடிக்கிறார். பிறகு மேடையின் ஓரத்தில் யாரையோ பார்க்கிறார். அதற்கப்புறம்தான் அலறல்.

"முதுகு பத்தி எரியறப்ப இந்தாளு துணியோட மூலையை என்னத்துக்குப் பாக்கறாரு?"

"விலை ஒட்டியிருக்கான்னு பாத்திருப்பாருக்கா. வியாபாரி இல்லையா."

கற்பகம் அந்த இடத்தையே மறுபடி ஓட்டிப் பார்த்தார். அவன் விளையாட்டாகச் சொன்னதை அவர் சிரிக்காமல் கேட்டால், அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். என்ன இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியாது.

சுருளிவேல் தேநீர் வரவழைத்தார். விசாரணை என்றாலே பிஸ்கட்டும் சேர்த்து வைக்கிற ஜாதி.

"கண்ணாடி அறைத் திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டுனீங்களா?" என்று கற்பகம் கேட்டார்.

"சேச்சே. ரிப்பன் எல்லாரும் வெட்டுறதுதானே. நாங்க திரை விலக்குனோம். செடி மேல ஒரு சால்வையப் போட்டு மூடி, பொன்ராஜ் அண்ணாச்சி கயிறை இழுத்து விலக்குனாரு. கைதட்டல் பிரமாதம்."

"செடி மேல போட்டவங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களா?"

"அதெல்லாம் பாதுகாப்பு பக்கா மேடம். நீளக் கம்பால தள்ளி நின்னு போட்டோம். இருபதடி கயிறு. அண்ணாச்சி கண்ணாடிக்கு வெளியே நின்னுதான் இழுத்தாரு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல."

"துணி என்ன ஆச்சுங்க?"

சுருளிவேல் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிவிட்டு எடுக்க மறந்துபோனார். அது பாதியாக உடைந்து உள்ளே விழுந்தது. கம்பு யோசித்தார்கள், கயிறு யோசித்தார்கள், தூரம் யோசித்தார்கள். துணியை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

"அது சிவப்புச் சால்வை" என்றார் மெதுவாக. "ஆனா மேடம், ஊர்ல பாதிச் சால்வை சிவப்புதானே?"

"ஞாயித்துக்கெழமைக்குச் சால்வை எங்க வாங்குனீங்க?"

"வாங்கல. ஒரு நல்ல மனுஷன் குடுத்தது. எங்க விழான்னு இல்ல, இந்தச் சுத்துவட்டாரத்துல எந்த விழாவுக்கும் அவருதான் குடுப்பாரு. பேரை வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. தப்பா நினைக்காதீங்க, அவரு பெருந்தன்மை அப்படி."

"கவர்ல போட்டுக் குடுப்பாருங்களா?"

"இல்ல, மடிச்சு, பையில" என்றவர், தான் என்ன சொன்னோம் என்று புரியாமலே நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்து பூப்பாறை ரோட்டில் நடந்தார்கள். மழை தூறியது. பஸ் நிற்கிற கொட்டகையில் ஒதுங்கினார்கள். கொட்டகையின் நெற்றியில் 'உபயம்: பொன்ராஜ்'. உட்கார்ந்த சிமெண்டு பெஞ்சின் முதுகில் 'உபயம்: பொன்ராஜ்'. தலைக்கு மேல் எரிந்த டியூப் லைட்டில் அதே பெயரைப் பெயிண்டால் எழுதியிருந்ததில், பாதி வெளிச்சம் பெயருக்குப் போக மீதிதான் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு.

"மனுஷன் மழையில மட்டும்தான் இன்னும் எழுதலக்கா" என்றான் அருண்பாண்டி.

"இந்த ஊர்ல தானம் பண்றவங்க எல்லாரும் பேரு எழுதிக்கறாங்க. ஒருத்தரு மட்டும் எழுத வேண்டாம்ங்கறாரு. ஏன்?"

"வெக்கப்படுற ஆளா இருக்கும்."

"குடுக்கற பொருளை நெனச்சு வெக்கப்படற ஆளு" என்றார் கற்பகம். "கவரு இல்லாத சால்வை புதுச் சால்வை இல்லை, தம்பி. ஏற்கெனவே யாருக்கோ போத்துனது. இந்தச் சுத்துவட்டாரத்துக்கே குடுக்கற அளவுக்குப் பழைய சால்வை யாரு ஊட்டுல இருக்கும்? அதிகமா போத்திக்கிட்ட ஆளு ஊட்டுலதான இருக்கோணும்."

அருண்பாண்டி தலைக்கு மேல் டியூப் லைட்டைப் பார்த்தான். பிறகு பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டான்.

பொன்ராஜின் வீட்டு வாசலில் டிரைவர் அருள்குமார் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். வாளியிலிருந்து ஆவி பறந்தது.

"வண்டிக்கும் எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டா அண்ணே?" என்றான் அருண்பாண்டி.

டிரைவர் வலது கையைத் துணிக்குள் சுருட்டிக்கொண்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தான். கற்பகம் வாளியை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

சங்கத் தலைவர் கூடத்துக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். முதுகு முழுக்க வெள்ளைக் களிம்பு. தலைமாட்டில் பார்க்க வந்தவர்கள் வைத்துப்போன ஆப்பிளும் ஹார்லிக்ஸும்.

"போலீஸா?" என்றார் தலையைத் தூக்காமல்.

"இல்லீங்க. கோவிந்தாபுரத்துல இருந்து வர்றோம். எங்க சங்கத்து ஆண்டு விழாவுக்கு உங்களைத்தான் தலைமைக்குக் கூப்பிடோணும்னு எல்லாரும் ஒரே பிடிவாதம். நீங்க இப்படிப் படுத்திருக்கறப்ப கேக்கறதுக்கே சங்கடமா இருக்குதுங்க."

பொன்ராஜ் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். டாக்டர்களால் முடியாதது ஒரு அழைப்பால் முடிந்தது.

"பாலக்காட்டு ஜில்லா வரைக்கும் நம்மளத் தெரியுதா?"

"தெரியாமங்களா? ஒரே ஒரு கொறைங்க. நாங்க சின்னச் சங்கம். மேடையில பத்துப் பேரு. எல்லாருக்கும் பொன்னாடை வாங்க எங்களால முடியாதாட்ட இருக்குது."

"இதுக்கா கவலைப்படுதீக? அருளு! அந்த உள் ரூம் பீரோவத் திற."

அருண்பாண்டி டிரைவரின் பின்னால் போய்ப் பார்த்தான். மேல் தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை சால்வைகள். சிவப்பு, பச்சை, ஊதா, எல்லாம் ஜரிகை வெளியே தெரிய மடித்து அடுக்கியிருந்தன. ஒன்றுக்கும் கவர் கிடையாது. ஒவ்வொன்றின் மூலையிலும் கறுப்பு நூலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"எதுக்கு அண்ணே இந்தத் தையல்?"

"எந்த விழாவுல போட்டாலும் நம்ம சால்வை எதுன்னு தெரியணும்ல. விழா முடிஞ்சதும் கெஸ்டுங்க நாற்காலியிலேயே போட்டுட்டுப் போயிருவாங்க. நான் பொறுக்கிக்கிட்டு வந்திருவேன். முதலாளி உத்தரவு" என்றான் அருள்குமார்.

இரண்டு சால்வையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்கள். கற்பகம் அதை வாங்கவில்லை.

"ஏனுங்க தம்பி, கையில என்னங்க?"

"கம்பளிப்பூச்சி அக்கா. மடிக்கும்போது துணிக்குள்ள இருந்திருக்கு. பச்சைத் தண்ணி பட்டா இன்னமும் உசுரு போகுது."

"எந்தத் துணி?"

"சிவப்பு. கண்ணாடி அறை திறந்த அன்னைக்கு அங்க தரையில கிடந்துச்சு. நம்ம சால்வைதான்னு எடுத்து, ஜரிகையை வெளிப்பக்கமா விட்டு மடிச்சு, பீரோவுல வச்சேன்."

அருண்பாண்டிக்கு இப்போது எல்லாம் வரிசையாக விளங்கியது. செடி மேல் கிடந்த துணி. சுணை பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடித்த மடிப்பு. ஜரிகை முனையைப் பிடித்துப் போர்த்திய மேனேஜர். ஊருக்கெல்லாம் போய்விட்டுத் தவறாமல் வீட்டுக்குத் திரும்புகிற சால்வை, இந்த முறை முதலாளியின் முதுகுக்கே திரும்பியிருக்கிறது.

"அப்ப இது ஒரு விபத்துதானே?" என்றார் பொன்ராஜ். குரல் மிகவும் நியாயமாக இருந்தது. "பாவம், அந்தப் பிள்ளையும் அறியாமச் செஞ்சிருக்கான். எனக்கே இப்பத்தான் தெரியுது."

"இப்பத் தெரியலீங்க" என்றார் கற்பகம். "மேடையிலயே தெரிஞ்சுபோச்சு. அலறறதுக்கு முன்னால மூலையைத் திருப்பித் தையலைப் பாத்தீங்க. அடுத்து இந்தத் தம்பியைப் பாத்தீங்க. வீடியோவுல தெளிவா இருக்குதுங்க. உங்க சால்வைன்னு தெரிஞ்சேதான் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு கத்தரீனாள் பேர்ல பராதி எழுதிக் குடுத்திருக்கறீங்க."

பொன்ராஜ் ஹார்லிக்ஸ் பாட்டிலை நகர்த்தி நேராக வைத்தார். "நான் வேற என்ன செய்ய?" என்றார். "பழைய சால்வையப் போர்த்துறான் பொன்ராஜுன்னு தெரிஞ்சா? போன மாசம் பிஷப்புக்கே போர்த்தியிருக்கோம்."

"அதுக்காக ஒரு பொம்பளையத் தெருவுல நிறுத்துவீங்களா?" என்றான் அருண்பாண்டி. அவனுக்கே தன் குரலில் இருந்த கசப்பு புதிதாக இருந்தது. வேடிக்கையாக ஒன்றும் சொல்ல வரவில்லை.

"அவங்களை நேர்ல பாத்து உண்மையைச் சொல்லிப்போடுங்க" என்றார் கற்பகம். "இல்லீன்னா நாங்க பிஷப்பைப் பாக்க வேண்டியிருக்கும்."

லயத்து வாசலில் கத்தரீனாளின் வீட்டுச் சாமான் பாதி வெளியே வந்திருந்தது. இரும்புக் கட்டில், தகரப் பெட்டி, துணியில் சுற்றிய மாதா படம். அக்கம்பக்கத்துப் பெண்கள் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜீப்பைக் கண்டதும் எல்லாரும் கையை நிறுத்தினார்கள். விஷயம் கேள்விப்பட்டு ஜிபினும் வந்து நின்றான்.

பொன்ராஜ் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தால் அவருக்குப் பேச்சு தானாக வரும். அங்கேதான் கெட்டது காரியம்.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார். "நான் பெரிய மனசு பண்ணி இந்தப் பிள்ளைய மன்னிச்சிட்டேன். பராதியத் திரும்ப வாங்கிக்கிடுதேன்."

ஜிபின் நிம்மதியாக மூச்சு விட்டான். ஒரு பெண் கைகூடத் தட்டினாள். அருண்பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு கற்பகத்தைப் பார்த்தான். அவர் கத்தரீனாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தரீனாளின் முகம் சிவந்துவிட்டது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு என்பது, பராதியைவிட மோசமாக அவள்மேல் விழுந்திருந்தது. மன்னிக்கப்பட்டவள் என்று ஆயுசுக்கும் இந்த லயத்தில் இருக்க வேண்டும். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பொன்ராஜ் சட்டை முதுகில் படாமல் கூனி நிற்பதைக் கவனித்தாள்.

"ஆசுபத்திரியில என்ன செஞ்சாக?"

"களிம்பு போட்டாக."

"தேய்ச்சா?"

"பின்ன? நல்லா அழுத்தித் தேய்ச்சாக."

"வெளங்கிரும். சுணை மொத்தத்தையும் உள்ள ஒடிச்சு விட்டிருப்பாக. சட்டையக் கழட்டிட்டு அந்தப் பெட்டி மேல உக்காருங்க."

பொன்ராஜ் கற்பகத்தைப் பார்த்தார். கற்பகம் வானத்தைப் பார்த்தார். வலியோ வேறு எதுவோ, அவர் உட்கார்ந்தார். கத்தரீனாள் வெந்நீர்த் துணியால் களிம்பை ஒற்றியெடுத்தாள். அலமாரிக்குள் இருந்து பிளாஸ்திரிச் சுருளைக் கொண்டுவந்து ஒரு சாண் நீளம் கிழித்து, முதுகில் ஒட்டி, விரலால் நீவினாள்.

"மெதுவா" என்றார் பொன்ராஜ்.

"மெதுவா இழுத்தா சுணை ஒட்டிக்கிட்டு வராது" என்றாள். ஒரே இழுப்பு.

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து லயத்திலிருந்தும் ஆள்கள் வந்துவிட்டார்கள். கத்தரீனாள் அடுத்த துண்டைக் கிழித்து ஒட்டினாள். நீவிக்கொண்டே, அன்றைய சமையலை விசாரிக்கிற குரலில் கேட்டாள்:

"அந்தச் சால்வை யாரோடது?"

"அதான் மன்னிச்சி..."

இழுப்பு.

"என்னோடது" என்றார் பொன்ராஜ். சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். ஒரு முறை வெளியே வந்துவிட்டதால், அடுத்தடுத்து வருவதில் சிரமம் இருக்கவில்லை. "என் பீரோவுல இருந்தது. செடி மேல கிடந்ததை என் ஆளுதான் எடுத்து மடிச்சு வச்சான். எனக்கு அன்னைக்கே தெரியும். வெளிய சொல்ல மானக்கேடா இருந்துச்சு. அதான் உன் பேரைச் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தில் ஒரு கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான். கத்தரீனாளின் கை ஒரு கணம் அவர் முதுகின்மேல் அப்படியே நின்றது. அவள் அழுதுவிடுவாள் என்று அருண்பாண்டி நினைத்தான். அவனுக்கே கண் கலங்கியிருந்தது. அவள் அழவில்லை. மீதி முதுகையும் முடித்தாள். இப்போது கேள்வி எதுவும் இல்லை, ஆனாலும் இழுப்பில் வேகம் குறையவில்லை.

பொன்ராஜ் தோளை அசைத்துப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம். "குறைஞ்சிருக்கே" என்றார். "முடிஞ்சிருச்சா?"

"முதுகு முடிஞ்சிருச்சு. இனி ஸ்டேஷன். சட்டையப் போடுங்க."

ஜிபின் முன்னால் வந்தான். "அக்கா, சாமானை எல்லாம் உள்ள எடுத்து வச்சிருங்க. நாளைக்குக் காலையில வழக்கம்போலச் செடிக்குத் தண்ணி..."

"மொதல்ல இவுக எழுதிக் குடுத்ததை இவுக கையாலயே இல்லைன்னு எழுதட்டும். செடியப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றாள் கத்தரீனாள்.

பிளாஸ்திரித் துண்டுகளை இடுக்கியால் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டினாள். கையைச் சுடுதண்ணீரில் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு நேராக ஜீப்புக்கு நடந்தாள். முன் சீட்டுக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். சங்கத் தலைவர் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே வந்து, பின் சீட்டில் ஏறினார்.